ஓலையில் ஏறாத மலை

திருவனந்தபுரத்தில் கோட்டை மதிலைத் தாண்டி மணக்காடு பக்கம் திரும்பினால் ஸ்ரீவராகம் வரும். லட்சுமி வராகர் கோயில், கோயிலுக்குரிய மிகப் பெரிய குளம், சுற்றிலும் நெருங்கி நிற்கும் வீடுகள். கடலுக்குள் மூழ்கிய பூமியை மீட்டுக் கொண்டுவந்த அவதாரம்தான் இங்கே மூலவர். நடந்து போகும் தூரத்தில் பத்மநாபசுவாமி கோயில் இருக்கிறது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் தன் ராஜ்யம் முழுவதையும் அங்கே சாமியின் காலடியில் சமர்ப்பித்தார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அன்று தொடங்கித் திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபதாசர்களாகவே ஆண்டார்கள்.

கோட்டையைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியில் நிலம் என்றால் ஆவணம். யாருக்கு எந்த வயல், எந்தத் தோட்டத்துக்கு என்ன குத்தகைப் பாட்டம், எந்த நிவந்தத்துக்கு எத்தனை பறை நெல் என்று எல்லாம் ஓலையில் ஏறியிருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஆவணங்களான மதிலகம் ஓலைகளை வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே ராஜ்யத்தின் கிழக்கு எல்லையில் 1,868 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது அகத்தியர் மலை. அதன் சரிவுகளில் மன்னர்களுக்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் காணிக்காரர்களின் நிலம் எந்த ஓலையிலும் இப்படி வரிசையாக ஏறவில்லை. தங்கள் எல்லையை அவர்கள் ஓடையாலும் பாறையாலும் முன்னோரைப் புதைத்த இடத்தாலும் அறிந்தார்கள். இன்று கேரளத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமான காணிகள் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சில ஆயிரம் பேர். அவர்களுக்கும் காட்டுக்கும் உள்ள உறவை நாட்டின் சட்டம் எந்த அளவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது? ஸ்ரீவராகத்திலிருந்து மலையடிவாரத்துக் கோட்டூர் வரை போகும் சாலையில் அந்தக் கேள்விக்கான விடை துண்டு துண்டாகக் கிடைக்கிறது.

செயலக வாசலில்

மலைக்குப் போகும் பேருந்தைப் பிடிப்பதற்கு முன் கிழக்கே கோட்டையிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியாகத் தலைமைச் செயலகம் வரை போய்வருவது நல்லது. வெள்ளைத் தூண்கள் நிற்கும் அந்தக் கட்டடத்தின் முன்னுள்ள நடைபாதை, கேரளப் பழங்குடிகளின் நில வரலாற்றில் ஒரு முக்கியமான களம்.

2001 ஆகஸ்ட் கடைசியில் வயநாடு முதலான மாவட்டங்களிலிருந்து வந்த பழங்குடி மக்கள் இங்கே குடிசைகள் கட்டிக் குடியேறினார்கள். சி.கே. ஜானுவும் எம். கீதானந்தனும் தலைமை தாங்கினார்கள். அந்த மழைக்காலத்தில் பழங்குடி ஊர்களிலிருந்து பட்டினிச் சாவுச் செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. 48 நாள் நடந்த குடில் கட்டும் போராட்டம், நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர் வரை நிலம் தருவதாக அன்றைய முதல்வர் ஏ.கே. அந்தோணி செய்த ஒப்பந்தத்தோடு முடிந்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரத் தாமதமானதும் 2003 தொடக்கத்தில் மக்கள் வயநாட்டின் முத்தங்கா காட்டுக்குள் நுழைந்து குடியேறினார்கள். பிப்ரவரி 19 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜோகி என்ற பழங்குடி உயிரிழந்தார். அந்த மோதலில் ஒரு காவலரும் இறந்தார். 2014இல் அதே இயக்கம் மறுபடியும் செயலகத்தின் முன் வந்தது. இந்த முறை குடிசை இல்லை. ஜூலை முதல் டிசம்பர் வரை 162 நாள் நின்றுகொண்டே போராடினார்கள்.

நிலச் சீர்திருத்தத்துக்குப் பெயர்போன மாநிலத்தில் ஏன் இந்தப் போராட்டங்கள்? 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் லட்சக்கணக்கான குத்தகைதாரர்களை நில உரிமையாளர்களாக்கியது. கேரளத்தின் முகத்தையே மாற்றிய நாள் அது. ஆனால் அதன் பலன் குத்தகைதாரர் என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. காட்டில் தலைமுறை தலைமுறையாக உழுதவர் யாருக்கும் பாட்டம் கொடுத்ததில்லை, யாரிடமும் சீட்டு வாங்கியதில்லை. அதனால் அவர் அந்தச் சட்டத்தின் கணக்குக்குள் வரவில்லை. தோட்டங்களுக்கும் விலக்கு இருந்தது. மலைச்சரிவில் பழங்குடிகளின் இரு பக்கமும் இருந்தவை தேயிலைத் தோட்டமும் வனத்துறை நிலமும்தான்.

பழங்குடிகள் இழந்த நிலத்தை மீட்டுத் தருவதற்கென்றே 1975இல் கேரளச் சட்டப்பேரவை ஒரு சட்டம் இயற்றியது. 1960க்குப் பிறகு பழங்குடி அல்லாதவர்களுக்குக் கைமாறிய நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது அது. பேரவை ஒருமனதாக நிறைவேற்றிய அந்தச் சட்டத்துக்கு விதிகள் எழுதவே 1986 ஆனது. விதிகள் வந்தும் நிலம் திரும்பவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி டாக்டர் நல்லதம்பி தேரா என்பவர் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1993இல் ஆறு மாதத்துக்குள் சட்டத்தை நிறைவேற்றும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு அவகாசத்தின் மேல் அவகாசம் கேட்டது. கடைசியில் சட்டத்தையே மாற்றப் புறப்பட்டது. 1996இல் கொண்டுவந்த திருத்தத்தைப் பேரவையில் எதிர்த்தவர் கே.ஆர். கௌரியம்மா ஒருவர்தான். அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் போகவே, 1999இல் புதிய சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை வாங்கி வைத்திருப்பவர் அதை வைத்துக்கொள்ளலாம், இழந்த பழங்குடிக்கு வேறிடத்தில் நிலம் தரப்படும் என்றது. 2009இல் உச்சநீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது.

வேறிடத்தில் நிலம் என்ற அந்த ஏற்பாட்டில்தான் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. ஒரு ஏக்கருக்குப் பதில் இன்னொரு ஏக்கர் என்பது நிலத்தைச் சொத்தாகப் பார்ப்பவரின் கணக்கு. தன் தெய்வமும் கிழங்கும் தேனும் இருக்கும் மலையை இழந்தவருக்கு அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

ஒரு தீவிலிருந்து வந்த தீர்ப்பு

இதே கேள்வி உலகின் இன்னொரு மூலையில் நீதிமன்றம் ஏறி, வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையில் மெர் என்றொரு சிறு தீவு. அங்கே பிறந்த எடி கொய்கி மாபோ, டவுன்ஸ்வில் நகரிலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். 1970களில் அங்கிருந்த வரலாற்றாசிரியர்கள் ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் இருவரோடும் பேசிக்கொண்டிருந்தபோது, தன் அப்பாவழித் தோட்டம் சட்டப்படி முடியரசின் நிலம் என்ற செய்தி முதன்முதலாக அவருக்குத் தெரியவந்தது. அவரால் அதை நம்பவே முடியவில்லை.

ஆஸ்திரேலியக் கண்டம் யாருக்கும் உரிமையில்லாத வெற்று நிலமாகக் கிடந்தது, எனவே கொடி நட்ட நாளிலேயே முழுவதும் அரசுடைமை ஆகிவிட்டது என்ற கோட்பாட்டின் மேல்தான் அந்நாட்டின் நிலச் சட்டம் நின்றது. யிர்கலா பகுதியின் யோல்ங்கு மக்கள் 1963இல் மரப்பட்டையில் வரைந்து எழுதிய மனுக்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு 1971இல் தோற்றது. அவர்களிடம் நுட்பமான சட்டமுறை இருக்கிறது என்று நீதிபதி பிளாக்பர்ன் ஒப்புக்கொண்டார். ஆனால் நிலவுரிமையாக அதை ஏற்க ஆங்கிலச் சட்டத்தில் வழியில்லை என்று கைவிரித்துவிட்டார்.

மாபோவும் இன்னும் நான்கு மெர் தீவினரும் 1982 மே மாதம் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடக்கும்போதே, தீவுமக்களுக்கு ஏதாவது உரிமை இருந்திருந்தால் அது ஒழிந்துவிட்டது என்று 1985இல் குயின்ஸ்லாந்து மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1988இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. கடைசித் தீர்ப்பு 1992 ஜூன் 3 அன்று வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், வெற்று நிலம் என்ற கோட்பாடு தவறு, அரசு வருவதற்கு முன்பே மக்களுக்கு நிலவுரிமை இருந்தது, அரசின் வருகையால் மட்டும் அது அழிந்துவிடாது என்றார்கள். தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். மறு ஆண்டே பூர்வகுடி நிலவுரிமைச் சட்டம் வந்தது.

தீர்ப்புக்கு வரம்புகளும் இருந்தன. தனியாருக்கு முழுவுரிமையாக விற்கப்பட்ட நிலத்தில் பூர்வகுடி உரிமை அற்றுப்போனது அற்றுப்போனதுதான். நிலத்தோடு அறுபடாத தொடர்பை மக்களே நிரூபிக்க வேண்டும். குடியேறிகளால் விரட்டப்பட்டுச் சிதறிய யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 2002இல் இந்த நிபந்தனையால்தான் தோற்றார்கள்.

ஆனாலும் மெர் தீவு வழக்கு ஒன்றை நிலைநாட்டியது. பூர்வகுடிகளின் உரிமை அரசு மனமிரங்கித் தருவதன்று, அரசுக்கு முந்தியது. நீதிமன்றத்தின் வேலை அதை ஒப்புக்கொள்வது. இந்தக் கருத்து கடல் தாண்டியும் பயணப்பட்டது. கோலாலம்பூர் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக வெளியேற்றப்பட்ட தெமுவான் பழங்குடியினரின் வழக்கில் மலேசிய நீதிமன்றங்கள் இதே வழியில் சென்றன. 2005இல் அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீராம்.

காட்டாக்கடைச் சாலை

பூஜப்புரை, திருமலை தாண்டியதும் குண்டமண்கடவில் கரமனை ஆற்றுப் பாலம். பேயாடு, மலையின்கீழ், அந்தியூர்கோணம் என்று ஊர்ப்பெயர்கள் தமிழ்க் காதுக்கும் பழக்கமானவையாகவே வருகின்றன. காட்டாக்கடைச் சந்தையில் மரவள்ளியும் நேந்திரங்குலையும் மலையிலிருந்து இறங்கி வந்து குவிகின்றன. பூவச்சலுக்கு அப்பால் ரப்பர் மரங்கள் சாலையின் இரு பக்கமும் வரிசை கட்டுகின்றன. குற்றிச்சல் ஊராட்சியைத் தொட்டு, கோட்டூரில் சாலை காட்டின் வாசலுக்கு வந்து சேர்கிறது. பக்கத்திலேயே காப்புக்காட்டில் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் இருப்பதால் விடுமுறை நாட்களில் கூட்டம் உண்டு. யானை பார்க்க வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கேயே திரும்பிவிடுகின்றன. சோதனைச் சாவடிக்கு அப்பால் சோனாம்பாறை, பொடியம் போன்ற காணிக் குடியிருப்புகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

குடியிருப்புக்கு மூட்டுக்காணி தலைவர். பிலாத்தி என்பவர் மருத்துவரும் பூசாரியும். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பியபடி பிலாத்தி பாடும் சாற்றுப்பாட்டில் மலைகளின், தெய்வங்களின் பெயர்கள் வரிசையாக வரும். பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். முன்பு ஒரு சரிவில் சில ஆண்டுகள் பயிரிட்டுவிட்டு அதைக் காடாக விட்டு வேறு சரிவுக்குப் போவார்கள். அதற்கு ஒரு குடும்பத்தின் நாலு ஏக்கர் போதாது. ஒரு குலத்துக்கு ஒரு மலை வேண்டும். வனச்சட்டம் அந்த நடமாட்டத்தை நிறுத்தி, அவர்களை ஓரிடத்தில் இருத்தியது.

காணிகளின் நினைவில் அரசோடு உள்ள உறவு ஓர் உதவியிலிருந்து தொடங்குகிறது. தன்னை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி மார்த்தாண்ட வர்மர் காட்டில் அலைந்தபோது தங்கள் முன்னோர்தான் அடைக்கலம் தந்தார்கள் என்றும், அதற்கு நன்றியாக மன்னர் வரியில்லாத நிலத்தைச் செப்புப் பட்டயத்தில் எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள். ஓணத்துக்கு முன்பு தேன், வாழைக்குலை, மூங்கில் பொருட்களோடு காணிகள் கவடியார் அரண்மனைக்குப் போய்வரும் வழக்கம் மன்னராட்சி முடிந்த பிறகும் தொடர்கிறது. அரச குடும்பம் துணிமணியும் பணமும் தந்து அனுப்புகிறது.

அழகான வழக்கம்தான். ஆனால் கதையைக் கூர்ந்து கேட்டால், மன்னர் ஓடி வந்த காட்டில் காணிகள் ஏற்கெனவே வீட்டுக்காரர்கள். அடைக்கலம் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வீட்டையே பிறகு விருந்தாளி அவர்களுக்கு மானியமாக எழுதித் தந்ததாக வரலாறு பதிவாகிவிட்டது. மாபோ வழக்கு எழுப்பிய கேள்வி அகத்தியர் மலையின் கதைக்குள்ளேயே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் வனச்சட்டம் காட்டை ஒதுக்குக் காடாக அறிவித்தது. 1911இல் வந்த மலைவாசிகள் விதிகள் பழங்குடிகளை வெளியாரிடமிருந்து காக்க முயன்றன. ஆனால் அவர்களை வனத்துறையின் பொறுப்பிலுள்ளவர்களாக நடத்தினவே தவிர நிலத்தின் சொந்தக்காரர்களாக ஏற்கவில்லை. அந்தக் காலத்திலேயே மாற்றுக் குரலும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கான வனச்சட்ட வரைவை எதிர்த்து, மாகாணத்தின் காடுகளில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராதது அரிது, அவற்றைக் கிராமத்தார் தடையின்றி அனுபவித்து வந்திருக்கிறார்கள் என்று 1871இல் சென்னை வருவாய் வாரியம் எழுதியது. அரசின் சொந்த வாரியமே சொன்ன அந்த உண்மை ஏற்கப்படவில்லை. 1878இல் இந்திய வனச்சட்டமும் 1882இல் சென்னை வனச்சட்டமும் வந்தன.

ஒரு செடியும் அதன் மண்ணும்

காணிகளின் பெயரை உலகம் அறிந்தது நிலத்தால் அல்ல, ஒரு செடியால். 1987 டிசம்பரில் பி. புஷ்பாங்கதன் தலைமையில் அறிவியலாளர் குழு ஒன்று அகத்தியர் மலையில் ஏறிக்கொண்டிருந்தது. குழு களைத்துப்போக, வழிகாட்டிய காணி இளைஞர்களோ ஏதோ ஒரு சிறு பழத்தை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். அது சமூகத்தின் ரகசியம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிக்குப் பிறகே செடியைக் காட்டினார்கள். நிழலில் வளரும் அந்தச் சிறுசெடிதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் உற்பத்தி உரிமம் கோவையின் ஆரிய வைத்திய பார்மசிக்குப் போனது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்மாதிரி என்று உலக அரங்குகளில் பாராட்டு குவிந்தது. 2002இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் விருதும் இதன் பேரில் வந்தது. அந்தப் பாராட்டில் நியாயம் உண்டு. காப்புரிமைக் கொள்ளை மலிந்த காலத்தில், கேட்டு வாங்கிய அறிவுக்குப் பங்கு கொடுத்த நேர்மை அது.

சிக்கல் மண்ணில் வந்தது. ஆரோக்கியப்பச்சை தன் இயல்பான காட்டுச் சூழலில் வளர்ந்தால்தான் முழு மருத்துவக் குணத்தோடு இருக்கும். காணிக் குடும்பங்கள் பயிரிடத் தொடங்கியபோது, அரிய செடி, ஒதுக்குக் காட்டிலிருந்து எடுக்கக்கூடாது என்று வனத்துறை தடுத்தது. உலகமே அவர்களுடையது என்று ஒப்புக்கொண்ட அறிவை, அந்த அறிவு பிறந்த நிலத்திலேயே அவர்களால் பயன்படுத்த முடியவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

அகத்தியர் மலையின் முகட்டில் 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை விழுந்தது. குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, கோதையாறு பகுதிக் காணிகள் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பாபநாசத்துக்கு மேலே பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலான குடியிருப்புகளில் வாழும் காணிகளும் அதே குலத்தவர்தான். ஆனால் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியல் குமரி மாவட்டத்தையும் செங்கோட்டை வட்டத்தையும் மட்டுமே குறித்தது. அம்பாசமுத்திரம் வட்டத்துக் காணிகள் சட்டத்தின் கண்ணில் பழங்குடிகளாகவே இல்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அவர்களைப் பட்டியலில் சேர்த்தது. ஒரே முன்னோரின் பிள்ளைகள், எந்தச் சரிவில் குடியிருந்தார்கள் என்பதற்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு உரிமை இழந்து காத்திருந்தார்கள்.

2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் 2008 தொடக்கத்தில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. காலனி ஆட்சியிலும் சுதந்திர இந்தியாவிலும் வனவாசிகளின் உரிமை பதிவு செய்யப்படாமல் போனதை வரலாற்று அநீதி என்று அதன் முகவுரையே சொல்கிறது. உரிமையைப் புதிதாக வழங்குவதாகச் சொல்லாமல், இருக்கும் உரிமையை அங்கீகரித்து உறுதிசெய்வதாகச் சொல்கிறது. மெர் தீவுத் தீர்ப்புக்கு மிக அருகே வந்த இந்தியச் சட்டம் இதுதான். ஆனால் சென்னை உயர்நீதிமன்றம் 2008இல் இட்ட இடைக்கால உத்தரவு ஒன்றால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயங்கள் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

நடைமுறையில் இந்தச் சட்டம் வீட்டுமனைப் பட்டா கொடுக்கும் திட்டமாகச் சுருங்கியதுதான் வருத்தம். கேரளத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனிநபர் உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன. சமூக உரிமைகளோ சில நூறு அளவிலேயே நிற்கின்றன. தனிநபர் உரிமை அதிகபட்சம் நான்கு ஹெக்டேர். விற்க முடியாது, வாரிசுக்குப் போகும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். ஒரு குடும்பத்தை வெளியேற்றத்திலிருந்து காக்க அது அவசியம். 2019 பிப்ரவரியில், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு, இரண்டு வாரத்தில் அதை நிறுத்தி வைத்தபோது அந்தக் காகிதத்தின் அருமை நாடெங்கும் புரிந்தது. என்றாலும் தேன் எடுக்கும் பாறையும் கிழங்கு தோண்டும் சரிவும் மீன் பிடிக்கும் ஓடையும் நான்கு ஹெக்டேருக்குள் அடங்குவதில்லை.

சட்டம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. மரபாகப் பயன்படுத்திவந்த காடு முழுவதையும் காக்கவும் மேலாளவும் கிராமசபைக்குள்ள உரிமையை மூன்றாம் பிரிவு ஏற்கிறது. மூலிகைகள் வனச்சிறுபொருள் பட்டியலில் இருக்கின்றன. பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மேல் சமூகத்துக்குள்ள அறிவுசார் சொத்துரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. 1990களில் ஆரோக்கியப்பச்சைக்கு நேர்ந்த தடைக்கு இன்று பதில் சொல்ல இந்த இரண்டு வாக்கியங்கள் போதும்.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா கிராமம் 2009இல் தன் 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் சமூக உரிமை பெற்றது. 2011இல் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை பெற்றார்கள். கேரளத்திலேயே திருச்சூர் மாவட்டத்தின் வாழச்சாலில் காடர்களின் ஒன்பது குடியிருப்புகள் 2014இல் சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மேல் இந்த உரிமையைப் பெற்றன. அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை எதிர்த்தபோது காடர்களின் கையில் இருந்த வலுவான ஆவணம் அதுதான்.

சிகரத்தின் மேல் யாருக்குச் சொல்

அகத்தியர் மலையில் இந்த உரிமைப் பேச்சு எளிதானதல்ல. சிகரம் காணிகளுக்குத் தெய்வம் உறையும் இடம். பெண்கள் அங்கே ஏறுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். மலையேற்றத்துக்கான அனுமதியோ வனத்துறையின் கையில். 2018இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் முதல் பெண் ஏறியபோது போணக்காட்டில் காணிகள் எதிர்ப்புப் போராட்டம் நடத்தினார்கள். பாலினச் சமத்துவத்தின் பக்கம் நீதிமன்றம் நின்றது சரியே. ஆனால் அந்த மலையைப் பற்றிய முடிவுகளில் காணிகளின் கிராமசபைக்கு முறையான இடம் ஒன்று முன்பே இருந்திருந்தால், அந்தப் பேச்சு சோதனைச் சாவடிப் போராட்டமாக முடிந்திருக்க வேண்டியதில்லை. வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கவும் மாற்றவும் காணிப் பெண்களுக்கே ஒரு சபை கிடைத்திருக்கும்.

நெய்யாறு சரணாலயம் 1958இல் வந்தது, பேப்பாறை 1983இல். 2016இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ தன் உலக வலைப்பின்னலில் சேர்த்தது. வரைபடத்தில் ஒவ்வொரு புதுக்கோடும் காணிகளின் ஊர்களைச் சுற்றியோ குறுக்கேயோ போகிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாததால், பழங்குடி ஊர்களுக்குத் தன்னாட்சி தரும் 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இங்கே பொருந்தாது. மீதமிருக்கும் கருவி வன உரிமைச் சட்டம்தான்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் பதின்மூன்றாவது, காணிகளுக்காகவே எழுதியது போல இருக்கிறது. உரிமைக்குச் சான்றாக எவற்றைக் காட்டலாம் என்று அது பட்டியலிடுகிறது. இடுகாடு, புனித இடம், கிணறு, பழைய குடியிருப்பின் தடயம், மூத்தோர் சொல்லி எழுதிய வாக்குமூலம், வம்சாவளி என எல்லாம் சான்று. ஆய்வு நூல்கள் சான்று. ஆகவே 1883இல் சாமுவேல் மேட்டீரும் 1909இல் எட்கர் தர்ஸ்டனும் இந்த மலைவாசிகளைப் பற்றி அச்சிட்ட பக்கங்களை மேசைமேல் வைக்கலாம். பழைய சமஸ்தானங்கள் வழங்கிய சலுகை, மானியம் பற்றிய பதிவுகளும் சான்று. திருவிதாங்கூர் மன்னர்கள் அருளியதாக இதுவரை சொல்லப்பட்டுவந்த உரிமையை, மன்னருக்கு முன்பே காணிகள் அங்கே இருந்ததற்கான ஆதாரமாகத் திருப்பி வாசிக்க இந்த விதி வழி திறக்கிறது.

அதற்கு வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்களும் அல்ல. ஒவ்வொரு குடியிருப்பின் கிராமசபையும் கூடி வன உரிமைக் குழுவை உயிர்ப்பிக்க வேண்டும். மூட்டுக்காணியும் பிலாத்தியும் தேன் எடுக்கும் பெண்களும் இளைஞர்களோடு காட்டில் நடந்து எல்லைகளைக் குறிக்க வேண்டும். வனத்துறையும் பழங்குடி நலத்துறையும் தங்களிடமுள்ள பழைய வரைபடங்களை, கேட்கும் முன்பே சபையின் முன் வைக்க வேண்டும். அரண்மனையிலும் ஆவணக் காப்பகத்திலும் காணிகளைப் பற்றிய ஓலைகளும் அரச ஆணைகளான நீட்டுகளும் இருந்தால் அவற்றைப் படியெடுத்து அந்த ஊர்களுக்குத் தர வேண்டும். சாற்றுப்பாட்டில் வரும் மலைப்பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிலாத்திகள் குறைந்துவருகிறார்கள். அந்த வரிசையே ஓர் எல்லைப் பதிவு என்பதால், அவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கும் வேலைதான் முதலில் நடக்க வேண்டும்.